தோற்றவர் இருவர்

அறுகம்பேக் கடற்கரையிலே மாலை வேளையில் அமர்ந்திருப்போர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை, தென்மேற்குப் பருவ காலத்தில், பல தேசங்களிலிருந்தும் இளைஞர் அங்கு வந்து அலைச்சறுக்குப் பலகையுடன் கடலில் இறங்குவர். முனையைச் சுற்றி நீளமாய் மடிந்து வரும் அலையைக் கண்டதும் பலகையின்மேல் எழுந்து நிற்பர். சிலர் கரைவரை வருவர். பலர் இடையில் விழுவர். விழுந்தவன் தலையை உதறிக்கொண்டு பலகையைத் தேடி நீந்துவானேயன்றி எவரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கு அங்கே ஒருவரும் இலர். அலையின்மேல் அவன் தனியன். பிழையும் அவனுக்கே உரியது.

“இந்த விளையாட்டில ஒரு வசதி இரிக்கி மச்சான்,” என்றார் எம் அருகிலிருந்த நண்பர். “விழுந்தா ஆரையும் குத்தம் சொல்ல ஏலா.”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எமக்குச் சிரிப்பு வரவில்லை. நண்பர் பொத்துவிலைச் சேர்ந்தவர். நம் கல்லூரி விடுதியில் எம்முடன் தங்கிப் பயின்றவர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரேயொரு நாள், ஒரேயொரு ரெனிஸ் ஆட்டத்தில், எமக்கு இணையாக நின்றவர். அன்று தோற்றோம். அத்தோல்வியைப்பற்றி யாம் விடுதியிற் சொன்ன ஒரு வாக்கியம் எங்கள் இருவர்க்கும் இடையே நெடுங்காலம் கிடந்தது. யூபிலி மலருக்கு ஏதேனும் எழுதுக என ஆசிரியர் குழுவினர் பணித்தபோது, வென்ற கிண்ணங்களைப்பற்றி எழுதப் பிறர் பலர் இருப்பர் என்று எண்ணி, இத்தோல்வியையே எடுத்துக்கொண்டோம்.

இம்மலரில் எழுதுவோர் தம்மை ‘யாம்’ என்று சுட்டுவது பழைய வழக்கு. தன்மைப் பன்மை என்பது ஒருவன் தன்னைத்தானே பலவாக்கிக் கொள்வதன்று, தன்னோடு முன்னிலையாரையோ படர்க்கையாரையோ உளப்படுத்திக் கூறுவதே அது என்று, எமக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டியது இன்றும் நினைவில் உள்ளது. இரட்டையர் ஆட்டம் ஆடுவோர் இவ்விலக்கணத்தை நன்கு அறிவர். ஆயின் பாதிதான் அறிவர். வென்ற அன்று ‘வென்றோம்’ என்பர். உளப்பாடு தானே வந்து பொருந்தும். தோற்ற அன்றோ, ‘நான் சரியாகத்தான் ஆடினேன், அவன்தான்…’ என்று பன்மை இரண்டு ஒருமைகளாய் உடைந்துவிடும்.

அன்று நடந்ததைச் சுருங்கச் சொல்வோம். அயற் கல்லூரி ஒன்றுடன் ஆட்டம். எமது வழக்கமான இணையாளர் காய்ச்சலில் விழவே, விளையாட்டுப் பொறுப்பாசிரியர் விடுதியிலிருந்து பொத்துவில் நண்பரை அழைத்து எம் பக்கத்தில் நிறுத்தினார். போடியார் ஒருவரின் மகன். உதைபந்தாட்டத்தில் காற்றாய் ஓடுபவர். றக்கற் பிடிக்கத் தொடங்கி ஒரு தவணைதான் ஆகியிருந்தது. முன்கையால் அடித்தால் பந்து எதிர்க்கோட்டைத் தொடும். பின்கையோ இல்லையென்றே சொல்லலாம். முதலாவது செற்றை 6-4 என வென்றோம். அதற்குள் எதிரிகள் கண்டுகொண்டனர். அதன்பின் வந்த பந்தெல்லாம் அவருடைய பின்கைக்கே வந்தது. இரண்டாவது 3-6. மூன்றாவது 5-7.

திரும்பும் வழியில் பஸ்ஸின் யன்னலோரம் அமர்ந்து யாம் ஒரு சொல்லும் பேசவில்லை. இரவு உணவு மேசையில் நால்வர் கூடி என்ன நடந்தது என்று கேட்டபோது, “தனியே ஆடியிருந்தாலும் வென்றிருப்பேன்,” என்றோம். அடுத்த மேசையில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். மறுநாட் காலை விளையாட்டு அறையில் றக்கற்றை ஒப்படைத்துவிட்டு வந்தார். பின்னர் அதனைத் தொடவேயில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இரட்டையர் ஆட்டத்தில் அந்தக் கூடத்துக்கு உயிர் உண்டு, காதும் உண்டு என்பதுதான் வேறுபாடு.

இனி, அந்த வாக்கியம் பண்பற்றது என்பது ஒருபுறமிருக்க, அது பொய் என்பதே ஈண்டு யாம் சொல்ல வந்தது. பண்பில்லாத உண்மைகள் உலகில் உள. இஃது அவற்றுள் ஒன்றன்று. ஒற்றையர் ஆடுகளத்தின் அகலம் 27 அடி. இரட்டையர்க்கு இருபுறமும் நாலரை அடி கூட்டி 36 அடி. நீளம் இரண்டுக்கும் 78 அடியே. அந்த 36 அடியையும் ஒருவன் தனியே காப்பான் என்பது பேச்சுக்கு நன்று. ஆடிப் பார்த்தவன் சொல்லான்.

பிழைகளை எண்ணுவதிலும் ஒரு மயக்கம் உண்டு. எதிரிகள் அறிவுடையோராயின் மெலியவன் பக்கமே அடிப்பர். ஒருவனுக்கு இருபது பந்து வந்து எட்டைத் தவறவிட்டான், மற்றவனுக்கு எட்டே பந்து வந்து மூன்றைத் தவறவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். பார்த்திருப்போர் எட்டையும் மூன்றையும் ஒப்பிடுவர். இருபதுக்கு எட்டும், எட்டுக்கு மூன்றும் ஏறக்குறைய ஒரே விகிதம் என்பதை எண்ணுவார் இலர். வலியவனுடைய பிழை குறைந்தது அவன் திறமையால் மட்டுமன்று. அவனுக்குச் சோதனையே வரவில்லை. அன்றைய பாரத்தைத் தாங்கியவன் மெலியவன்.

இவற்றிலும் பெரிது, நிற்கும் இடம். இரட்டையர் ஆட்டத்தில் எதிரியின் சேர்விஸை வலப்பக்கத்தில் யார் ஏற்பது, இடப்பக்கத்தில் யார் ஏற்பது என்று செற்றின் தொடக்கத்திலே முடிவு செய்தாக வேண்டும். அந்தச் செற் முடியும்வரை மாற்ற இயலாது. எம் நண்பர் வலக்கையாளர். அவரை இடப்பக்கம் நிறுத்தினால், கோட்டோரமாய் விலகி வரும் சேர்விஸ் எல்லாம் நேரே பின்கைக்கு வரும். வலப்பக்கம் நிறுத்தியிருந்தால் கோட்டோரம் அவருடைய வலிய முன்கைக்கு வந்திருக்கும். நடுவில் வருவனவற்றுட் பலவற்றை இடப்பக்கம் நிற்கும் எமது முன்கை தடுத்திருக்கும். குறை முற்றாக மறைந்திராது, பாதியேனும் மறைந்திருக்கும். ஆயின் வலப்பக்கம் எமக்குப் பழகிய இடம். அதனை விட மனம் வரவில்லை. இரண்டாம் செற்றின் முன்னும் மாற்றலாம், மூன்றாம் செற்றின் முன்னும் மாற்றலாம். இரு முறையும் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பழைய இடத்திலேயே போய் நின்றோம். யாம் சேர்விஸ் செய்த கேம்களில் பந்தை நடுக்கோட்டை நோக்கி இட்டிருந்தால் எதிரி திருப்பும் கோணம் ஒடுங்கி, வலையருகே நின்ற நண்பருக்கு வேலை எளிதாயிருக்கும். யாமோ கோட்டோரமாய் அழகு காட்டினோம். எதிரிகள் அந்த அகன்ற கோணத்தால் நண்பரைக் கடந்து அடித்தனர். அந்தப் பந்துகளும் அன்றைய கணக்கில் அவர் பெயரிலேயே எழுதப்பட்டன.

வலிமை என்பது தெரிவு செய்யும் ஆற்றல். எங்கே நிற்பது, எங்கே அடிப்பது, எப்போது பொறுப்பது என்பவற்றை முடிவு செய்யக்கூடியவன் வலியவனே. மெலியவனுக்கு வந்த பந்தை அடிப்பதன்றி வேறு வழியில்லை. ஆகவே தோல்வியில் வலியவன் பங்கு சிறிது என்று கொள்ளும் பொதுவழக்கு தலைகீழானது என்பது எமது துணிபு.

பெரிய ஆடுகளங்களுக்குச் செல்வோம். 2012இல் இலண்டன் ஒலிம்பிக் போட்டிக்கு இந்தியா இரட்டையரைத் தெரிவு செய்த கதை பலர்க்கும் நினைவிருக்கும். லியாண்டர் பயஸ் அவ்வாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியப் பட்டத்தை ராடெக் ஸ்டெபானெக்குடன் வென்றிருந்தார், வயது 39. அவருடன் இணைந்து ஆட மகேஷ் பூபதி மறுத்தார். ரோகன் போபண்ணாவும் மறுத்தார். மறுத்தவர்க்கு அவரவர் காரணங்கள் இருந்தன. அவற்றை எடைபோடுவது எம் வேலையன்று. முடிவில் அகில இந்திய ரெனிஸ் சங்கம் இரண்டு இணைகளை அனுப்பியது. பூபதியும் போபண்ணாவும் ஒன்று. பயசும், உலகத் தரவரிசையில் இருநூறுக்கு அப்பால் நின்ற ஐதராபாத் இளைஞர் விஷ்ணு வர்தனும் மற்றொன்று. முன்னையது வலிய இணை, பின்னையது ஒருவரை மற்றவர் சுமக்கும் இணை என்பதே எங்கும் பேச்சு.

நடந்தது என்ன? இரு இணைகளும் முதற் சுற்றில் வென்றன. இரு இணைகளும் இரண்டாம் சுற்றில் தோற்றன. பூபதியும் போபண்ணாவும் பிரான்சின் பெனத்தோ, காஸ்கே இருவரிடம் 3-6, 4-6 என நேர் செற்களில் தோற்றனர். பயசும் வர்தனும் பிரான்சின் மற்றோர் இணையான லொட்ரா, சொங்கா இருவரிடம் தோற்றனர். ஆனால் முதற் செற் சமநிலை முறிப்புவரை சென்றது, இரண்டாம் செற்றை 6-4 என வென்றனர், மூன்றாவதை 3-6 என இழந்தனர். லொட்ராவும் சொங்காவும் அப்போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர்கள். பெனத்தோவும் காஸ்கேயும் வெண்கலம் பெற்றவர்கள். மெலியவர்கள் வலியவர்களுக்குச் சமம் என்று இதிலிருந்து முடிபு செய்ய மாட்டோம். ஒரு நாள் ஆட்டம் ஒரு நாள் ஆட்டமே. இரண்டு பெயர்களின் தரவரிசையைக் கூட்டி இணையின் வலிமையைக் கணிக்க இயலாது என்பது மட்டும் தெளிவு. 1966இல் மெல்பேணில் நடந்த டேவிஸ் கிண்ண இறுதியாட்டத்தில், தென்காசிக் குடும்பத்து இராமநாதன் கிருஷ்ணன் ஜெய்தீப் முக்கர்ஜியுடன் இணைந்து, முந்திய ஆண்டில் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்ற நியூகோம்ப், ரோச் இருவரையும் அவர்தம் நாட்டிலேயே வென்றார். கிருஷ்ணனுடைய சேர்விஸ் வேகத்துக்குப் பெயர் போனதன்று. அந்த இறுதியில் 4-1 எனத் தோற்ற இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே வெற்றி அந்த இரட்டையர் ஆட்டந்தான்.

பயசின் கதையில் எம்மைக் கவர்வது வேறொன்று. இருபது ஆண்டுகளுக்கு முன், 1992இல் பார்சலோனா ஒலிம்பிக் போட்டியில், அவர் 19 வயது இளைஞர். பக்கத்தில் நின்றவர் கிருஷ்ணனின் மகன் இரமேஷ் கிருஷ்ணன், வயது 31, உலகின் முன்னணி ஆட்டக்காரர் பலரை வென்ற அனுபவசாலி. அந்த இணை காலிறுதிவரை சென்று குரோசியாவின் இவானிசெவிச், பிரிபிச் இருவரிடம் தோற்றது. அப்போட்டியில் அரையிறுதியில் தோற்ற இரு இணைகளுக்கும் வெண்கலம் வழங்கப்பட்டது; ஆகவே பதக்கத்துக்கு ஒரு வெற்றியே குறை. அன்று இளையவராய் நின்றவர், இலண்டனில் மூத்தவராய் நின்றார். ஒருவன் வாழ்நாளிலேயே இரு பக்கத்திலும் நிற்க நேர்கிறது. யாம் அந்த உணவு மேசையில் எம்மை என்றென்றும் வலியவராகவே எண்ணிக்கொண்டோம். பதினைந்து ஆண்டுகளில் முழங்கால் போயிற்று. அலுவலக நண்பர்கள் எம்மை யார் தலையிற் கட்டுவது என்று ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கினர்.

இனி இதற்கு எதிரான ஒரு பிழையும் உண்டு. அதனையும் யாம் செய்திருக்கின்றோம். விடுதி மேசையில் சொன்ன சொல் உறுத்தியதால், பிற்காலத்தில் எவருடன் ஆடித் தோற்றாலும், “பிழை முழுவதும் என்னுடையது,” என்று முந்திக்கொண்டு கூறும் வழக்கத்தை மேற்கொண்டோம். கேட்போர் எம்மைப் பெருந்தன்மையாளர் என்றனர். எமக்கும் அது பிடித்திருந்தது. ஒரு நாள் எம்முடன் ஆடிய இளம் எழுதுவினைஞர் ஒருவர், “ஐயா, நான் விட்ட பந்தையாவது எனக்கு விடுங்கோ,” என்றார். பகிடியாய்ச் சொன்னாரோ, உள்ளபடியே சொன்னாரோ தெரியாது, சுருக்கென்றது. தோல்வி முழுவதையும் தன் தோளில் ஏற்றிக்கொள்பவன், பக்கத்தில் நின்றவனை ஆட்டக்காரனாகவே கொள்ளவில்லை. ‘நீ இருந்தும் ஒன்றுதான், இல்லாவிடினும் ஒன்றுதான்’ என்பதே அதன் பொருள். “தனியே ஆடியிருந்தாலும் வென்றிருப்பேன்” என்றதும் அதுவே. சர்க்கரை பூசியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியாயின் தோற்ற பின் என்ன பேசுவது? அறுகம்பேயில் மறுநாட் காலை யாம் கண்டதைச் சொல்லுதல் இங்கே தகும். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வலைக்கு இரு கயிறு. ஒவ்வொரு கயிற்றுக்கும் ஓர் அணி. மணலில் குதியை ஊன்றி, பின்னுக்கு நடந்து, இரு வரிசையும் மெல்ல மெல்ல நெருங்கி வரும். ஓர் அணியில் வாலிபர் கூடி விரைவாய் இழுத்துவிட்டால் பயனில்லை. வலை ஒருக்கணித்து, மீன் மற்றப் பக்கத்தால் போய்விடும். ஆகவே விரைந்த அணி கயிற்றைப் பிடித்தபடி நின்று பொறுக்கிறது. அன்று மடியில் மீன் கொஞ்சந்தான். உடனே சத்தம் எழுந்தது. இன்னார் கயிற்றைத் தளரவிட்டார், இன்னார் நேரத்துக்கு வரவில்லை என்று பெயர் சொல்லியே ஏசினார்கள். ஏச்சு வாங்கியவரும் விட்டபாடில்லை, திருப்பி ஏசினார். சத்தம் ஓய்ந்ததும் வலைக்காரரின் பங்கு போக எஞ்சியதைப் பகிர்ந்தார்கள். ஏச்சு வாங்கியவரின் பங்கில் ஒரு மீனும் குறையவில்லை.

பிழையைப் பெயர் சொல்லிப் பேசுதல் ஒன்று; இழப்பைப் பங்கிடுதல் வேறொன்று. விடுதியில் யாம் இரண்டையும் குழப்பினோம். பஸ்ஸில் அவர் பக்கத்திலே அமர்ந்து, “உன் பின்கை உதவவில்லை, நான் இடம் மாற்றவில்லை,” என்று சொல்லியிருந்தால் ஏச்சாய் முடிந்திருக்கலாம். ஏசிய பின் அடுத்த வாரம் பயிற்சிக்கு வந்திருப்பார். யாம் அவரிடம் பேசாது அவரைப்பற்றிப் பேசினோம்.

இவ்வளவையும் மணலில் அமர்ந்து அவரிடம் ஒருவாறு சொல்லி முடித்தோம். ஐம்பது ஆண்டுக்குப் பிறகு மன்னிப்புக் கேட்பது எளிதன்று, நாக்கு ஒத்துழைக்கவில்லை. எங்கள் கதையில் கடைசிப் பந்து எப்படிப் போயிற்று என்பதையும் சொன்னோம். அவருடைய பின்கையில் பட்டு வலையில் விழுந்தது என்றுதான் இத்தனை காலமும் மனைவிக்கும் மக்களுக்கும் சொல்லி வந்திருக்கின்றோம். எமக்கும் அப்படியே நினைவு. அவர் சற்று நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடைசிப் பந்து என்ட பக்கம் வரவே இல்ல மச்சான்,” என்றார். “அஞ்சுக்கு ஆறு. சேர்விஸ் உன்ட. முதல் பந்து வலைக்குள்ள. ரெண்டாவதையும் ஓங்கி அடிச்சாய், அதுவும் வலைக்குள்ள. நெனவு இரிக்கா?”

அவர் சொன்ன கணத்தில் நினைவு வந்தது. வெயிலில் வலையின் வெள்ளை நாடா அசைந்தது வரை வந்தது. இரண்டாம் பந்தை மெல்ல இட்டால் எதிரி நண்பரின் பக்கம் அடிப்பான் என்று அஞ்சி, எவரும் தொடாதபடி அடிக்க முயன்றோம். அவரை நம்பாமையால் இழந்த பந்து அது. அதனை ஐம்பது ஆண்டு அவர் கணக்கில் எழுதி வைத்திருந்தோம். அன்று விடுதியில், அடுத்த மேசையிலிருந்து ஒரு வார்த்தை சொல்லி எம்மை நால்வர் முன் தலைகுனியச் செய்திருக்க அவரால் முடிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். “நாம தோத்திட்டம். அதுக்குப் பிறகு என்னத்தச் சொல்ற?” என்றார். அவர் வாயில் ‘நாம’ என்ற சொல் எவ்வளவு இயல்பாய் வந்தது என்பதை எம் இலக்கண ஆசிரியர் கேட்டிருக்க வேண்டும்.

யூபிலி வாரத்தில் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் கலந்து ஆடும் ரெனிஸ் ஆட்டம் ஒன்றை நடத்தச் சங்கத்தார் எண்ணியிருப்பதாக அறிகின்றோம். எமது வேண்டுகோள் இரண்டு. இணைகளைத் திறமை பார்த்துச் சேர்க்காது திருவுளச்சீட்டுப் போட்டுச் சேர்க்க. கல்லூரிக் கிண்ணம் வென்ற மாணவனுக்கு மூச்சிரைக்கும் கிழவர் ஒருவர் இணையாக வரட்டும். எந்தப் பக்கம் நிற்பது என்ற தெரிவை ஒவ்வோர் இணையிலும் மெலியவருக்கே விடுக. யார் மெலியவர் என்று தீர்ப்பதில் வழக்கு எழுமாயின் அதுவும் வேடிக்கையாக இருக்கும். விளையாட்டுப் பொறுப்பாசிரியர் பொறுத்தருள்வார்.

பொத்துவில் நண்பர் வருவதாக ஒப்பியுள்ளார். சீட்டில் அவர் பெயர் எம் பெயருடன் வருமோ வராதோ அறியோம். றக்கற் ஒன்று இரவல் வேண்டுமாம். யாருடன் ஆடினாலும் வலப்பக்கம் தமக்கே வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.